நிறுத்தும் பொத்தான் இல்லாத விளையாட்டு

 

அண்மையில் ஒரு ஜும்ஆ பயானைக் கேட்டோம். வீடியோ கேம் என்பதே முழுக்க ஷைத்தானின் கருவி, அதைத் தொட்ட பிள்ளை தீனுக்கும் உதவான், துன்யாவுக்கும் உதவான் என்று பேச்சாளர் முழங்கினார். முன் வரிசைப் பெரியவர்கள் தலையசைத்தார்கள். பின் வரிசையில் இருந்த எங்கள் வயதொத்த தகப்பன்மார்களோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அந்தச் சிரிப்பின் பொருளை வாய்விட்டே சொன்னார்கள்: "நாமெல்லாம் விளையாடாததா? நாம் என்ன கெட்டா போய்விட்டோம்?"

மிம்பரில் முழங்கிய அந்தக் கருத்தோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. வாசலில் சிரித்த இந்தக் கருத்தோடும் உடன்பாடில்லை. முன்னவர், பிள்ளை எதை விளையாடுகிறான் என்று பார்க்காமலேயே ஹராம் என்கிறார். பின்னவர்கள், அதே போலப் பார்க்காமலேயே பரவாயில்லை என்கிறார்கள். இருவருக்கும் நடுவே பிள்ளை, கையில் கைப்பேசியுடன் தனியே உட்கார்ந்திருக்கிறான்.

இதை எழுதும் நாங்கள், கடற்கரையோர ஊர் ஒன்றில் 1990களில் ஒரே தெருவில் வளர்ந்த நான்கு நண்பர்கள். எங்கள் நட்பு ஒரு வீடியோ கேம் பெட்டியின் முன்னால் தொடங்கியது. எனவே இது பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டென நம்புகிறோம். பெயர்கள் வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் வந்த விருந்தாளி

அது சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு வாப்பாவின் அட்டைப்பெட்டிக்குள், டாங் பவுடருக்கும் நீடோ பால்மாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே, ஒரு போர்வையில் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் இயந்திரத்தின் மலிவு நகல் அது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அன்று எங்களுக்கு அது வெறும் ‘கேம் செட்’. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்தே திரும்பத் திரும்ப வரும். படம் தெரியாவிட்டால் கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம்.

தெருவுக்கே அது ஒன்றுதான். ஆகவே தெருப் பிள்ளைகள் அனைவரும் அந்த வீட்டு முன்கூடத்தில் கூடினோம். அந்த வீட்டு உம்மா சபுராளியின் மனைவி. கணவர் ஈராண்டுக்கு ஒருமுறை வருவார். வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பதை அவர்கள் விரும்பினார்கள் என்பது இப்போது புரிகிறது. வாடாவும் தேநீரும் தட்டில் வரும். அதோடு ஒரு சட்டமும் வரும்: அஸர் தொழுதுவிட்டுத்தான் செட்டைத் தொடவேண்டும், மஃரிப் பாங்கு கேட்டால் அந்த நொடியே நிறுத்தவேண்டும்.

அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட அந்த இயந்திரத்தில் வழியிருந்தது. ‘ஸ்டார்ட்’ பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும். பாங்கு சொல்லும்போது மாரியோ குழியைத் தாண்டக் குதித்திருப்பான். நாங்கள் ஒளுச் செய்து, பள்ளிக்கு ஓடி, ஜமாஅத்தில் தொழுது திரும்பும்வரை அந்தரத்திலேயே நிற்பான். 1985இல் வந்த அந்த மாரியோ விளையாட்டில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. தொழுகை நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழுகையில் நின்றபடி மின்சாரத்துக்காகக் கவலைப்பட்ட நாட்கள் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக. ஆயினும் எங்கள் உடல் ஸஃப்பில் நின்றது. நாங்கள் போனதால் அங்கே எவனும் தோற்றுப்போகவில்லை.

கடன் வாங்கிய உயிர்

எங்களை நண்பர்களாக்கியது மாரியோ அல்ல, கான்ட்ரா. கொனாமி நிறுவனம் 1987இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த விளையாட்டு. அதில் இருவர் ஒரே நேரத்தில், ஒரே திரையில், ஒரே பக்கம் நின்று போராடலாம். ஒருவனுக்கு உயிர்கள் தீர்ந்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தி மற்றவனுடைய கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். ‘உயிர் கடன்’ என்று நாங்கள் சொல்வோம். கேட்டு வாங்கியவனும் உண்டு. கேட்காமல் எடுத்து அடி வாங்கியவனும் உண்டு.

மூன்றாம் கட்டத்தில் ஓர் அருவி வரும். பாறை பாறையாகத் தாவி மேலே ஏறவேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முந்தினால் திரை அவனோடு மேலே போகும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். ஆகவே கெட்டிக்காரன் காத்திருந்தே ஏறவேண்டும். தெருவில் மிகப் பொறுமையற்றவனாக இருந்த ஒருவன் காத்திருக்கப் பழகிய இடம் அந்த அருவிதான். நாங்கள் அதைப் பாடமாகப் படிக்கவில்லை. அடிபட்டு, சண்டையிட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து பழகினோம்.

எங்களில் கெட்டிக்காரன், வாப்பாவை இழந்தவன். அவன் வீட்டில் தொலைக்காட்சியே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை. பெருநாளில் பழைய சட்டை. ஆனால் அந்த முன்கூடத்தில் அவன் பக்கத்தில் உட்காரத்தான் எல்லோருக்கும் போட்டி. அவனுடைய கையிருப்பிலிருந்து நாங்கள் வாங்கிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

பின்னாளில் அவர் வளைகுடாவில் வேலை பறிபோய், சம்பள பாக்கியும் கிடைக்காமல், ஊர் திரும்பப் பயணச்சீட்டுக்கும் வழியின்றி நின்றார். நாங்கள் மூவரும் சேர்ந்து அனுப்பினோம். எப்படித் திருப்பித் தருவேன் என்று தொலைபேசியில் அவர் குரல் உடைந்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: "கான்ட்ராவில் உன்னிடம் வாங்கியதை நாங்கள் எப்போதடா திருப்பித் தந்தோம்?" அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

இதைச் சொல்வதால், வீடியோ கேம் நல்லொழுக்கப் பாடசாலை என்று நாங்கள் வாதிடுவதாக எண்ணவேண்டாம். நாங்கள் இழந்தவையும் உண்டு. ஹிஃப்ழு வகுப்பில் சேர்ந்த எங்களில் ஒருவர் மூன்றாம் ஜுஸ்உவோடு நின்றுபோனார். ஒருவர் புதுக் கேசட் வாங்க உம்மாவின் சுருக்குப்பையிலிருந்து பணம் எடுத்தார். கணக்குத் தேர்வில் நால்வரும் ஒரே ஆண்டு மண்ணைக் கவ்வினோம். "நாம் கெட்டா போய்விட்டோம்?" என்று சிரிக்கும் சகோதரர்கள் இந்தப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும்.

அம்மிக் குழவி

அடுத்த ஆண்டு, எங்களில் இன்னொருவன் வீட்டுக்கும் ஒரு செட் வந்தது. அவனுடைய வாப்பா கண்டிப்பானவர். விடுமுறையில் வந்திருந்தவர் இதே போன்றதொரு பயானைக் கேட்டார். அன்றிரவே செட்டை முற்றத்தில் வைத்து, அம்மிக் குழவியால் நொறுக்கினார். மகன் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீடுகளுக்குப் போகவும் அவனுக்குத் தடை விழுந்தது.

விளையாட்டு ஆசை நொறுங்கியதா? இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கேம் விளையாட விடும் கடை ஒன்று இருந்தது. அவன் அங்கே போனான். அந்தக் கடையில் தட்டில் வாடா வராது; பாங்கு கேட்டால் நிறுத்தச் சொல்லும் உம்மாவும் கிடையாது. வயதில் மூத்தவர்கள் சிகரெட் பிடித்தபடி, யார் ஜெயிப்பான் என்று பணம் கட்டினார்கள். வீட்டில் இருந்தவரை வெறும் விளையாட்டாக இருந்தது, அங்கே சூதாட்டமாயிற்று. அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எங்களிடம் அவன் திரும்பி வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த வாப்பா பிள்ளையின் நன்மையை நாடியே அதைச் செய்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. ஆனால் அன்று மிம்பரில் முழங்கியவர் தம் முழக்கம் எந்த முற்றத்தில் போய் விழுந்தது என்று அறிவாரா?

மார்க்கம் என்ன அளவுகோலைத் தந்தது?

பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்ப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் மறைப்பாக நின்றார்கள் என்பதும், தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களிடம் விட்டுவிடச் சொன்னார்கள் என்பதும் புகாரியில் உள்ள செய்திகள். சிறுவயதில் பொம்மை விளையாடிக்கொண்டிருந்த ஆயிஷா (ரலி) அவர்களின் தோழியர், நபியவர்களைக் கண்டு ஒளிந்துகொள்ளும்போது, அத்தோழியரை மீண்டும் விளையாட அனுப்பி வைத்தார்கள் என்பதும் அங்கேயே பதிவாகியுள்ளது. விளையாடும் பிள்ளைக்குத் தோழமை தேவை என்பதை அறிந்து, பிரிந்தோடியவர்களைச் சேர்த்து வைத்த கருணை அது. நாம் என்ன செய்கிறோம்? சேர்ந்திருப்பவர்களைப் பிரித்து வைக்கிறோம்.

அதே மார்க்கம்தான் ‘நர்து’ என்னும் பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சூரா அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் தடுக்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்கின்றன: அவற்றின் மூலம் ஷைத்தான் உங்களுக்குள் பகைமையை விதைக்கவும், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவும் நாடுகிறான் என்பது அதன் கருத்து.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு, சதுரங்கம் குறித்து இதே அளவுகோலைக் கொண்டே பேசியது. வெறும் சதுரங்கம் மக்ரூஹ். பந்தயம் சேர்ந்தாலோ, தொழுகை நேரம் தவறினாலோ அது ஹராம் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பலகையைப் பார்த்து, ஆட்டத்தைப் பார்த்து, ஆடுபவனைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மரபு நம்முடையது. அந்த மரபின் வாரிசுகள் இன்று பெட்டியைத் திறந்தே பாராமல் தீர்ப்பு வழங்கலாமா?

இன்னொரு வாதமும் காதில் விழுகிறது. ரியாத் நகரிலேயே 2024இல் ஆறு கோடி டாலருக்கும் மேற்பட்ட பரிசுத்தொகையோடு மின்விளையாட்டு உலகக் கோப்பை நடந்ததே, நாம் ஏன் பேசவேண்டும் என்கிறார்கள். ஓர் அரசாங்கம் நடத்துவதால் ஒன்று ஹலாலாகிவிடாது. ஒரு பேச்சாளர் சத்தமிடுவதால் ஹராமாகியும் விடாது.

பிள்ளை சொன்ன பதில்

கடந்த ரமளானில், தராவீஹ் முடிந்த ஓர் இரவில், அந்த அம்மிக் குழவி வீட்டு நண்பர் எங்களை அழைத்தார். அவருக்கு இப்போது 14 வயதில் ஒரு மகன். கடைச் சரக்குக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 46,000 ரூபாய், சிறுகச் சிறுக, ஒரு கைப்பேசி விளையாட்டுக்குப் போயிருந்தது. தகப்பனின் பணப் பரிமாற்றச் செயலியின் ரகசிய எண் மகனுக்குத் தெரிந்திருந்தது. "சுத்தியலை எடுத்துவிட்டேன். ஓங்குவதற்கு முன் உங்களைக் கூப்பிடத் தோன்றியது," என்றார்.

போனோம். கைப்பேசியை வாங்கி, அந்த விளையாட்டை நாங்களே ஆடிப் பார்த்தோம். நால்வர் ஓர் அணி. பல அணிகள் ஒரு தீவில் இறங்கி ஒன்றையொன்று அழிக்க, கடைசியில் எஞ்சுவது வெற்றியாளர். ஓர் ஆட்டம் அரை மணி நேரம்வரை நீளும். அந்தப் பிள்ளையிடம் கேட்டோம்: "பாங்கு சொன்னால் இடையில் நிறுத்தி வைக்க முடியாதா, வாப்பா?"

"முடியாது மாமா. நான் நிறுத்துனா மத்த மூணு பேரும் செத்துருவாங்க."

நாங்கள் பதிலின்றி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை தொழுகையை வெறுத்து அப்படிச் சொல்லவில்லை. தன் நண்பர்களைக் கைவிடக்கூடாது என்று சொன்னான். அருவியில் காத்திருக்க நாங்கள் கற்ற அதே விசுவாசம்தான் அவனிடமும் இருந்தது. அந்த விசுவாசத்தையே கயிறாக்கி அவனை மஃரிப் நேரத்தில் கட்டிப்போட்டிருந்தது அந்த விளையாட்டு. எங்கள் ஆட்டத்தில் நண்பனும் தொழுகையும் ஒரே பக்கம் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்தே பள்ளிக்கு ஓடினோம். அவனுடைய ஆட்டத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு சிறுவனை நிறுத்துகிறார்கள்.

அந்த மூவர் யார் என்று விசாரித்தோம். இருவர் அடுத்த தெருப் பிள்ளைகள். ஓராண்டாக நாள்தோறும் பேசுகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்ததில்லை. மூன்றாமவர் எந்த ஊர், என்ன வயது என்பதே அவனுக்குத் தெரியாது.

பணம் எங்கே போயிற்று? துப்பாக்கிக்கு நிறம், சட்டைக்கு அலங்காரம். அதையும் நேரடியாக விலைக்கு வாங்க முடியாது; பணம் கட்டிப் பெட்டியைத் திறந்தால், கேட்டது வரலாம், வராமலும் போகலாம். இதற்குச் சூதாட்டம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா? பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. பயனாளர்களை அறியாமல் வாங்கவைத்த குற்றச்சாட்டுக்காக, ஃபோர்ட்நைட் விளையாட்டின் நிறுவனம் 24.5 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. மதுவும் சூதும் ஹராம் என்று பிள்ளைக்குக் கற்பித்த நாம், சூது அவன் சட்டைப்பைக்குள் வந்ததை அறியாமல் இருந்தோம். இந்த இடத்தில் மிம்பர் முழங்கியிருந்தால் நாங்கள் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டிருப்போம்.

தடை போட்டால் தீருமா? 2020 செப்டம்பரில் நம் அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் வந்துவிட்டது. அம்மிக் குழவியால் முடியாதது அரசாணையாலும் முடியவில்லை.

கேட்க வேண்டியவர்களிடம் கேட்கிறோம்

கண்ணியத்துக்குரிய உலமாக்களே! அடுத்த முறை இது குறித்துப் பேசுமுன் தயவுசெய்து ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். பாங்கு கேட்டால் இதை நிறுத்த முடியுமா? இதில் பணம் கட்டிக் குலுக்கல் உண்டா? யாருடன் ஆடுகிறான்? இந்த மூன்று கேள்விகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். பிள்ளைகள் செவிசாய்ப்பார்கள், ஏனெனில் அவர்களுடைய விளையாட்டை அறிந்தவர் பேசுகிறார் என்பது அவர்களுக்குப் புரியும்.

சிரிக்கும் சகோதரர்களே! நாம் விளையாடியதையா நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? நமக்குத் தட்டில் வாடா கொண்டுவந்த ஓர் உம்மா இருந்தார்கள். உங்கள் பிள்ளையின் அருகில் யார் இருக்கிறார்? நீங்கள் அருகில் அமர்ந்து ஆடத் தயாரில்லை என்றால், "நானும் விளையாடியவன்" என்ற பெருமையைப் பேசாதீர்கள். பணப் பரிமாற்ற எண்ணையாவது மாற்றுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! எங்கள் தெருவில் பிள்ளைகள் கூட ஒரு முன்கூடம் இருந்தது. இன்று கல்யாண மண்டபங்களைக் கட்டுகிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பத்துப் பிள்ளைகள் கூடி உட்கார ஓர் அறையோ, ஓட ஒரு திடலோ மஹல்லாவில் உண்டா?

அந்த மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முற்றிலும் திருந்திவிட்டான் என்று முடிக்க மாட்டோம். அன்றிரவு சுத்தியல் அதன் இடத்துக்குத் திரும்பியது. தகப்பன் தம் சிறுவயது முற்றத்தில் நடந்ததை மகனுக்கு முதன்முறையாகச் சொன்னார். அடுத்த தெருப் பிள்ளைகள் இருவரும் இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். எங்களில் ஒருவர் எங்கோ தேடிப் பழைய செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். படம் மங்கலாக இருக்கிறது என்று கேலி செய்கிறார்கள். அருவியில் ஒருவனையொருவன் விட்டுவிட்டு ஏறிச் சண்டையிடுகிறார்கள். கைப்பேசி விளையாட்டும் நின்றபாடில்லை. சில இரவுகள் இஷா தவறுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மஃரிப் பாங்கு கேட்டதும் மூவரும் பொத்தானை அழுத்திவிட்டு எழுகிறார்கள். அவர்களோடு அந்தத் தகப்பனும் எழுகிறார்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், தொழுகையை நிலைநாட்டுவோராகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.